கடைக்குள் வரும்போதே தடுக்க வேண்டிய குப்பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் பகாவ் பட்டணத்துக் கடைவரிசைகளின் பின்சந்துகள் எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மழையில் ஊறிய அட்டைப்பெட்டிகள், அவற்றின்மேல் உடைந்த வெள்ளை மீன்பெட்டிகள், நடுவில் குழம்பு வடியும் பைகள். அந்தக் குவியலில் கிடக்கும் அட்டையும் தெளிவான பிளாஸ்டிக் உறையும் அன்று காலையில் கடைக்குள் வந்தபோது காய்ந்த, சுத்தமான, காசு பெறக்கூடிய பொருள்கள். பொழுது சாய்வதற்குள் அவை குப்பையாகிவிடுகின்றன.

குப்பை லோரி ஒழுங்காக வருவதில்லை என்ற குறையைக் கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள மாநிலங்களில் பகாவ் இருக்கும் நெகிரி செம்பிலானும் ஒன்று. அதன்கீழ் 2015 செப்டம்பர் 1இல் தொடங்கிய குப்பை பிரிக்கும் திட்டம் வாரத்தில் இரண்டு முறை மீதக் குப்பை, ஒரு முறை மறுசுழற்சிப் பொருள் என்று வீடுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. மளிகைக் கடையில் சரக்கு இறங்கும் ஒரே காலையில் சேரும் அட்டைக்கு அந்தக் கணக்கு போதாது. ஆகவே மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, மோட்டார் பட்டறை, உரக்கடை நடத்தும் நம்மவர்கள் தாங்களே செய்யக்கூடியவற்றை எழுதுகிறோம்.

தராசிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு குப்பை சேருகிறது என்று கேட்டால் ‘நாளுக்கு மூன்று தொட்டி’ என்றுதான் பதில் வரும். தொட்டிக் கணக்கு ஏமாற்றும். பொருள்களைப் பொதியப் பயன்படும் வெள்ளைப் போலிஸ்டிரீன் ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான் இருக்கும். தொட்டி நிறைந்தாலும் எடையில் ஒன்றுமில்லை. அரிசிச் சாக்கு ஆறு எடுத்துப் பெயர் எழுதித் தொங்கவிடுங்கள்: அட்டை, தெளிவான உறை, நெய்த சாக்கு, கெட்டிப் பிளாஸ்டிக்கும் தகரமும், போலிஸ்டிரீன், சாப்பாடு பட்ட அழுக்கு. கடை மூடும் நேரத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். ஏழு நாள் போதாது. வாரத்தில் ஒரு முறை மட்டும் சரக்கு இறக்கும் வியாபாரி அந்த வாரம் வராமல் போனால் கணக்கு சாயும். பதினான்கு நாள் வேண்டும். பண்டிகைக் காலத்தைத் தனியாக நிறுக்க வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

அந்தப் பட்டியலில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: இந்தக் கழிவு யாருடைய சரக்கோடு வந்தது? பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். அது இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு குப்பையை எங்கே விற்பது என்று மட்டுமே யோசிக்க முடியும். அது இருந்தால், சரக்கு அனுப்பும் எந்தத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) எதைப் பேச வேண்டும் என்பது தெளிவாகிவிடும். துணிக்கடையில் ஒவ்வொரு சட்டைக்கும் ஓர் உறை, ஒரு டஜனுக்கு ஓர் உறை, அதன்மேல் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் இன்னோர் உறை என்று நான்கு அடுக்கு வருகிறது. டஜனுக்கு ஓர் உறை போதும் என்று ஓர்டர் தாளிலேயே எழுதிக் கொடுக்கலாம். வாயால் சொன்னால் கிடங்கில் பொதி கட்டுபவரின் காதுக்கு அது போய்ச் சேராது.

கேமரன் மலைக் காய்கறிக்கு அட்டைப்பெட்டியைவிடத் திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கூடை நல்லது. கூடைத் திட்டம் பல இடங்களில் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் எண்ணிக்கைக் குறைவு. நாளுக்குப் பத்துக் கூடை சரக்கு வாங்கும் கடைக்குப் பத்துக் கூடை போதாது. பத்து கடையில் இருக்கும், பத்து லோரியில் இருக்கும், பத்து வியாபாரியிடம் கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். ஆக முப்பது, தொலைவதற்கும் உடைவதற்கும் மேலே இரண்டு மூன்று. கூடைக்கு முன்பணம் வைக்காவிட்டால் ஒரே மாதத்தில் கூடைகள் யார் வீட்டிலோ துணி துவைக்கப் போய்விடும். வெறுங்கூடை ஏறாமல் நிறைகூடை இறங்கக் கூடாது என்பதை ஓட்டுநரிடமே சொல்லிவிட வேண்டும். மீன் கூடைக்கு ஒரு நிறம், காய்கறிக்கு வேறு நிறம். கலந்துவிட்டால் கீரையில் கவிச்சி ஏறும், அடுத்த வாரமே கடைக்காரர் அட்டைக்குத் திரும்பிவிடுவார். கட்டுப்படியாகுமா என்று பார்க்க எளிய வழி உண்டு: ஒரு கூடையின் விலையை, ஒரு நடைக்கு மிச்சமாகும் அட்டைப்பெட்டியின் விலையால் வகுங்கள். அத்தனை நடை ஓடினால் கூடை தன் விலையை மீட்டுவிடும். கழுவும் தண்ணீரையும் ஆள்கூலியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மூட்டையாக வாங்கினால் உறை குறையும் என்பது உண்மை. ஆனாலும் எல்லாச் சரக்குக்கும் இதைச் சொல்லத் துணியமாட்டோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த அரிசி மூட்டையில் வண்டு பிடிக்கும், பருப்பில் பூச்சி விழும், கடலை மாவில் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மூட்டை மூன்று வாரத்துக்குள் விற்றுத் தீரும் சரக்கானால் பெரிய மூட்டை வாங்குங்கள். தீராதென்றால் சிறியதே மேல். சாக்கை மிச்சம் பிடிக்கப் போய் உணவை வீணாக்குவது எந்தக் கணக்கிலும் நட்டம். சமையல் எண்ணெய்க்கு இந்தத் தயக்கம் வேண்டாம். சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெய் நாள்தோறும் செலவாகும். 1 கிலோ பைகளைக் கத்தரித்து ஊற்றுவதைவிட 17 கிலோ தகரம் எல்லா வகையிலும் நல்லது. பையின் உள்பக்கம் ஒட்டிய எண்ணெயால் அதை யாரும் மறுசுழற்சிக்கு வாங்கமாட்டார்கள். தகரத்தைக் கவிழ்த்து ஓர் இரவு வடித்துவிட்டால் இரும்புக் கடைக்குப் போகும்.

கல்யாண விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சிறு கணக்கு. 300 பேருக்கு ஆளுக்கு இரண்டு 250 மில்லி போத்தல் என்றால் 600 போத்தல், 600 மூடி, 150 லிட்டர் தண்ணீர். அதே தண்ணீர் எட்டு 19 லிட்டர் போத்தல்களில் அடங்கிவிடும். குழாய் வைத்த பாத்திரமும் எவர்சில்வர் தம்ளரும் கழுவ இரண்டு ஆளும் இருந்தால் போதும்.

பங்குஸ், அதாவது பொட்டலம் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பழுப்பு நிறப் பொட்டலத் தாளைக் காகிதம் என்று பலரும் நம்புகிறார்கள். அதன் உள்பக்கம் பளபளப்பாக இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் தாள் பிரிந்து பூச்சு மட்டும் இழுபடுவது தெரியும். காகித ஆலை அதை எடுக்காது, சாப்பாட்டு எண்ணெயும் பட்டிருக்கும். வாழை இலை மலிவாகக் கிடைக்கும் தோட்டப்புறத்தில் இதற்கு அவசியமே இல்லை. தணலில் வாட்டிய இலை கிழியாமல் மடங்கும், வாட்டாத இலை மடிப்பில் வெடித்துக் குழம்பை ஒழுகவிடும். மேலே சுற்ற வெறும் தாள் போதும்.

‘மக்கும்’ என்று அச்சிட்ட கப்புகளையும் பைகளையும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சோளம் போன்ற மாவுப்பொருளிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் மக்குவதற்கு 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வாரக்கணக்கில் இயங்கும் உரக்கூடம் வேண்டும். பின்சந்துத் தொட்டியிலோ குப்பைமேட்டிலோ அது மக்காமல் கிடக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போட்டால் நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். விரைவில் சிதையும்படி வேதிப்பொருள் கலந்த ‘ஆக்சோ’ வகைப் பைகள் இன்னும் மோசம். அவை வெயிலில் துண்டு துண்டாக நொறுங்கும், அந்தத் துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும். கூடுதலாகக் கொடுக்கும் அந்தக் காசை, சொந்தப் பாத்திரம் கொண்டுவருகிறவருக்குத் தள்ளுபடியாகக் கொடுங்கள். அடுக்குப் பாத்திரம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. முதலில் மாதச் சாப்பாட்டுக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள்: ஆளுக்கு இரண்டு அடுக்குப் பாத்திரம், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்வது. கரண்டியும் சாஸ் பொட்டலமும் கேட்டால் மட்டும் கொடுங்கள். தானாகவே பையில் போடும் பழக்கத்தை நிறுத்தினாலே செலவு குறையும்.

இனி அட்டைப்பெட்டி. இதில் எடையும் பணமும் அதிகம், தவறுகளும் அதிகம். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள ஒரு பெட்டி 36 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அடித்தட்டின் ஒட்டுநாடாவைக் கீறி மடித்துவிட்டால் 70க்கு 60 சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனம், அதாவது மூன்றரை லிட்டர். பத்தில் ஒரு பங்கு இடம். மடிக்காமல் எறிந்தால் 660 லிட்டர் பெருந்தொட்டி பதினெட்டுப் பெட்டியிலேயே நிறைந்துவிடும். மடிக்க ஒரு பெட்டிக்குச் சில விநாடிதான் ஆகும். ஆனால் அதைச் சரக்கு அடுக்கும்போதே செய்ய வேண்டும். கடை மூடும் நேரத்தில் நூறு பெட்டியைக் குவித்துவைத்துக்கொண்டு மடிக்கச் சொன்னால் எந்த வேலையாளும் செய்யமாட்டார். கையில் கத்தி இருக்கும்போதே, காலியான அந்தக் கணத்திலேயே மடிக்க வேண்டும்.

அட்டையின் பெரும் பகை ஈரம். நனைந்த அட்டையில் நார் தளர்ந்துவிடும், பூஞ்சை ஏறும். பழைய சாமான் கடையிலும் தண்ணீரின் எடையைக் கழித்துக்கொண்டுதான் காசு தருவார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். சிமெண்டுத் தரையில் நேரடியாக அடுக்கினால் மழை பெய்யாவிட்டாலும் அடியிலுள்ள பத்து அட்டை ஈரம் இழுத்துவிடும். மரப்பலகைத் தட்டின்மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூரைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். கட்டு 20 கிலோவுக்கு மேல் போகாமல் இருந்தால் ஒரே ஆள் தூக்கலாம். பொதிகட்டும் பிளாஸ்டிக் நாடாவைவிடச் சணல் கயிறு சிறந்தது. கொஞ்சம் ஒட்டுநாடாவும் கம்பி ஊசியும் இருந்தால் பரவாயில்லை, ஆலையில் சலித்து எடுத்துவிடுவார்கள். எண்ணெய் பட்டது, மீன் தண்ணீர் ஊறியது, மெழுகு பூசியது ஆகிய மூன்றையும் சேர்க்கக் கூடாது. மெழுகு அட்டையை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிரும், அதுதான் அடையாளம். முட்டைத் தட்டும் காகிதக் கூழ்தான். முட்டை உடைந்து ஒழுகாத தட்டை அட்டையோடு கட்டலாம்.

மொத்த வியாபாரிகளின் கிடங்கில் சரக்கு அடுக்கிய பலகைத் தட்டைச் சுற்றும் இழுவை உறையை, அதாவது இழுத்தால் நீளும் பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை மீட்டர் அகலம், 23 மைக்ரான் கனம் உள்ள உறையை, பக்கத்துக்கு 1.1 மீட்டர் உள்ள தட்டில் இழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் 46 கிராம் செலவாகிறது. பதினான்கு சுற்றுக்கு அது ஏறக்குறைய 650 கிராம். சரக்கு சரிவது உறை குறைவதால் அல்ல. அடிச்சுற்று பலகையைப் பிடிக்காமல் பெட்டியை மட்டும் பிடித்திருப்பதால் முழு அடுக்கும் பலகையிலிருந்து வழுக்குகிறது. அடியில் பலகையோடு சேர்த்து மூன்று சுற்று, பிறகு பாதிக்குப் பாதி மேலேறி, உச்சியில் இரண்டு சுற்று. நன்றாக இழுத்துச் சுற்றினால் எட்டு ஒன்பதில் முடிந்துவிடும்.

கழற்றிய இந்த உறையும் துணிக்கடை உறையும் தெளிவாக, ஒட்டுத்தாள் இல்லாமல் இருந்தால் வாங்க ஆள் உண்டு. நிற உறையைக் கலந்தால் முழுப் பையும் நிற உறையின் விலைக்கு இறங்கிவிடும். ஒட்டுத்தாள் உள்ள பகுதியைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள், உரித்துக்கொண்டிருக்க வேண்டாம். விரலால் இழுத்தால் நீளும் உறை ஒரு வகை, சலசலவென்று ஒலித்துக் கிழியும் உறை வேறு வகை. இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

குளிர்பெட்டி, தொலைக்காட்சி விற்கும் கடைகள் போலிஸ்டிரீனை வாடிக்கையாளர் வீட்டில் விட்டுவர வேண்டாம். பொருளை இறக்கும் லோரி திரும்பும்போது காலியாகத்தான் வரும். வெறும் பெட்டியை அதிலேயே ஏற்றி விநியோகிப்பாளர் கிடங்குக்கே அனுப்பலாம். உடைத்தால் எடை குறையாது, பொடி மட்டும் சாக்கடைக்குப் போகும். மீன்பெட்டியைக் கழுவித் திருப்பித் தர மீன் வியாபாரியிடம் பேசுங்கள். வெளியே போடும் எந்தப் பெட்டியையும் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். மூடியில் தேங்கிய மழைத் தண்ணீரே அதற்குத் தாராளம்.

உரக்கடைகளும் பட்டறைகளும் தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, இயந்திர எண்ணெய் பட்ட கலன்கள் சாதாரணப் பிளாஸ்டிக் அல்ல. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் அவற்றுக்கு எஸ்.டபிள்யூ. 409 என்ற எண் உண்டு. சேர்த்துவைப்பவர் 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது, பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும், உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். மருந்துக் கலனை வாங்கிச் செல்லும் சிறுதோட்டக்காரரிடம் மூன்று முறை அலசும் முறையைக் கடையிலேயே சொல்லிக்கொடுங்கள்: கலனில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி மூடி அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, சொட்டு நிற்கும்வரை கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. மருந்து காய்ந்து ஒட்டிய பிறகு அலசிப் பயனில்லை, கலன் காலியான உடனே செய்ய வேண்டும். பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். இந்த ஓட்டைதான் உயிர் காக்கும் காரியம். பாராகுவாட் என்ற கொடிய நச்சுக் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது; ஆனாலும் பழைய மருந்துக் கலனில் குடிதண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றிவைக்கும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எமன். பட்டறைகளில் எண்ணெய்ப் போத்தலைச் சரிவுப் பலகையில் கவிழ்த்து முழுதும் வடித்து, தனி டிரம்மில் போடுங்கள். அதை அட்டை லோரியில் ஏற்றினால் முழுச் சுமையும் கெடும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கடைக்காக லோரி வராது. பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டானாலும் தாப்பாவானாலும் இதே நிலைதான்: ஒரு கடையின் இரண்டு நாள் அட்டை, வந்துபோகும் டீசலுக்குக்கூட ஈடாகாது. கடைவரிசை ஒன்று சேர வேண்டும். ஒரு கடைக்கு நாளுக்கு 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் பத்துக் கடைக்கு மூன்று நாளில் 450 கிலோ. அதற்கு லோரி வரும். அட்டையைச் சேர்த்துவைக்க ஒரு பொதுக் கூண்டு வேண்டும்: எட்டடிக்கு நான்கடி இடம், மேலே கூரை, சுற்றிக் கம்பிவலை, உள்ளே மரப்பலகை இருந்தால் போதும். ஐந்தடி நடைபாதையில் வைக்கக் கூடாது. இட உரிமையாளரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்பலகைக்கும் எரிவாயுத் தோம்புக்கும் அருகே கூடாது. குவியல் நெஞ்சளவுக்கு மேல் போகக் கூடாது.

இத்தகைய கூண்டுகள் மூன்று காரணங்களால் மூடப்படுகின்றன. யாரோ ஒருவர் சாப்பாட்டுக் குப்பையைப் போடுவார், எலி வரும், மற்றவர்கள் விலகிவிடுவார்கள். அதனால் சாவி இருவரிடம் மட்டும் இருக்கட்டும், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கட்டும். இரண்டாவது, பணம் யாருக்கு என்ற சண்டை. கடைவாரியாக நிறுத்துப் பங்கு பிரிப்பதைவிடப் பொதுவில் வைத்துப் பின்சந்தைக் கழுவும் கூலிக்குக் கொடுப்பது எளிது. மூன்றாவது, அட்டை விலை விழும் மாதத்தில் லோரி வராமல் நின்றுவிடும். ஆகவே அதிக விலை சொல்பவரைத் தேடாதீர்கள். விலை இறங்கினாலும் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வருவேன் என்று எழுதிக் கொடுப்பவரோடு பேசுங்கள்.

லோரி வராத அன்று தீக்குச்சி உரசுவதுதான் நம் ஊர்களின் பழைய வழக்கம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கட்டும். அந்தப் புகை நுழைவது மேல்மாடியில் குடியிருக்கும் நம் சொந்தக் குடும்பங்களின் சன்னலுக்குள்.

நகராண்மைக் கழகமும் குப்பை எடுக்கும் குத்தகை நிறுவனமும் கடைவரிசைகளுக்கென வாரத்தில் இரண்டு காலைகளை ஒதுக்கி, காய்ந்த அட்டையையும் உறையையும் மட்டும் எடுக்க ஒரு லோரி அனுப்ப வேண்டுகிறோம். பின்சந்துகளில் கூரைபோட்ட கூண்டு வைக்க எளிய அனுமதி முறை ஒன்றும் வேண்டும். வணிகர் சங்கங்கள் தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கூடிப் பேசினால், பண்டிகைச் சரக்கு ஓர்டர் போகும்முன் உறைகளைப் பற்றி மொத்த வியாபாரிகளிடம் சேர்ந்தே கேட்க முடியும். ஓர்டர் போன பிறகு கேட்டால் அந்த ஆண்டுக்கு ஒன்றும் மாறாது.

இப்படிக்கு,
மறுசுழற்சித் துறை வாசகர்கள்,
பகாவ், நெகிரி செம்பிலான்.